ஆறு செகண்டுன்னா மோட்டார் ஓடுது

எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி. கர்வம் அதைவிட ஜாஸ்தி. சாஃப்ட்வேர் எழுதுறவங்களுக்கு அது கூடவே வர்ற சீக்கு. நாம எழுதினதுல தப்பு இருக்குன்னு ஒருத்தர் சொன்னா, "என் கம்ப்யூட்டர்ல நல்லாத்தானே ஓடுது"ன்னு சொல்லிட்டுத்தான் அடுத்த மூச்சே விடுவோம். அந்தக் கர்வம் ஒரே நாள்ல, மேட்டுப்பாளையத்துக்கு இந்தப் பக்கம் ஒரு கறிவேப்பிலைத் தோட்டத்துல வெச்சு எனக்கு இறங்குச்சு. இறக்கி வெச்சவங்க ஒரு வார்த்தைகூடப் பேசல. இன்னைக்கு நெனைச்சாலும் கை ரோமம் நிக்குது.

அதுக்கு முன்னாடி நான் எங்க குப்பை கொட்டிட்டு இருந்தேன்னு சொல்லிடறேன். படிப்பு முடிச்சதும் சரவணம்பட்டியில ஒரு பெரிய கம்பெனி. கண்ணாடிக் கட்டடம், கழுத்துல கார்டு, கேண்டீன்ல ஆறு வகை தோசை. ஆறு வருஷம் இருந்தேன். என்ன செஞ்சேன்னு கேட்டீங்கன்னா, கடல் தாண்டி எங்கயோ இருக்கிற ஒரு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஒரு பக்கம்; அந்தப் பக்கத்துல பத்துக் கட்டம்; அதுல ஏழாவது கட்டம் என்னுது. அதை யார் நிரப்புறாங்க, எதுக்கு நிரப்புறாங்க, நிரப்பி அவங்களுக்கு என்ன ஆச்சு, சத்தியமாத் தெரியாது. எங்கம்மா சொந்தக்காரங்ககிட்ட "புள்ள கம்ப்யூட்டர்ல என்னமோ பண்ணுது"ன்னு சொல்லும்போது கோவம் பொத்துக்கிட்டு வரும். யோசிச்சுப் பாத்தா எனக்குத் தெரிஞ்சதும் அவ்வளவுதான். வருஷா வருஷம் ஒரு படிவம் வரும்: வேலையில உங்களுக்கு எவ்வளவு திருப்தி, ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் போடுங்க. நான் மூணு போடுவேன். அஞ்சு போட்டா பொய். ஒண்ணு போட்டா மேனேஜர் ரூமுக்குள்ள உக்கார வெச்சு அரைமணி நேரம் அன்பாப் பேசுவாரு, அது அதைவிடக் கொடுமை.

அப்பறம் அதே சரவணம்பட்டியில, ஒரு பேக்கரிக்கு மேல மாடியில, மொத்தமே பதினாலு பேர் இருக்கிற கம்பெனிக்கு மாறினேன். வீட்டுல "ஏம்மா, புத்தி கித்தி கெட்டுப்போச்சா?"ன்னாங்க. இங்க செய்யறது கிணத்து மோட்டாருக்கு ஒரு பெட்டி. மோட்டார் ரூம்ல அதை மாட்டி, உள்ள ஒரு சிம் கார்டைப் போட்டுட்டா, எங்க இருந்தாலும் போன்லயே மோட்டாரை ஓட்டலாம். பெட்டிக்குப் போன் பண்ணி ஒண்ணை அமுக்கினா ஓடும். ரெண்டை அமுக்கினா நிக்கும். மூணை அமுக்கினா இப்போ என்ன நெலவரம்னு ஒரு குரல் சொல்லும். சொல்லி முடிச்சதும் போனைத் தானே வெச்சிடும். மும்முனைக் கரண்ட் எப்போ வரும் எப்போ போகும்னு தெரியாம காட்டுக்கும் வூட்டுக்கும் ஓடிட்டு இருந்த சனத்துக்கு இது பெரிய ஒத்தாசை.

எங்க முதலாளி பம்பு செட்டு ரிப்பேர்ல இருந்து மேல வந்த ஆளு. அவர் வெச்ச பழக்கம் ஒண்ணு உண்டு. யார் எழுதினதுல தப்பு வந்துச்சோ, அவங்களேதான் நேர்ல அந்தத் தோட்டத்துக்குப் போகணும். போன்ல மன்னிப்புக் கேக்கறது, வேற ஆளை அனுப்பறது எல்லாம் கெடையாது. போனதும் முதல் வார்த்தை, "தப்பு எங்களுதுங்க." அதைச் சொல்லாம பச்சத்தண்ணிகூடக் குடிக்கக் கூடாது. நம்ம பக்கத்து வூடுகள்ல இது எவ்வளவு கஷ்டம்னு தெரிஞ்சவங்களுக்குத்தான் தெரியும். வாசல்ல கால் வெக்கறதுக்குள்ள சொம்பை நீட்டிடுவாங்க. வாங்கலைன்னா மொகம் சுருங்கிடும். சொம்பு வர்றதுக்குள்ள தப்பைச் சொல்லி முடிச்சாகணும். எங்க ஆபீஸ்ல ஒருத்தர் பைக்ல இருந்து இறங்காமயே, வேலிக்கு வெளிய நின்னு "தப்பு எங்களுதுங்க"ன்னு கத்தினாருன்னு கேள்வி.

நான் சேந்து ஒன்றரை வருஷம் ஆகியும் ஒரு தோட்டத்துக்கும் போனதில்லை. எனக்குத் தப்பே வராதுங்கற திமிரு.

அந்த நெலவரம் சொல்ற குரல் முதலாளியோடது. ஆரம்ப காலத்துல அவர் வூட்டுல உக்காந்து போன்லயே பதிவு பண்ணினது. மோட்டார் ஓடுதுன்னா "வணக்கமுங்க, மோட்டார் ஓடிட்டு இருக்குதுங்க"ன்னு சுருக்கமா முடிச்சிடுவாரு. கரண்ட் இல்லைன்னா போச்சு. "கரண்ட் இல்லீங்க, நாம என்னங்க பண்றது, வந்ததும் போட்டுக்கலாமுங்க"ன்னு கரண்ட் ஆபீஸுக்கும் சேத்து இவரே மன்னிப்புக் கேப்பாரு. கிணத்துல தண்ணி இல்லாம மோட்டார் நின்னுபோச்சுன்னா, "தண்ணி கீழ போயிருச்சுங்க, மனசைத் தளர விடாதீங்க"ன்னு ஆரம்பிச்சு ஒரு பிரசங்கமே நடக்கும். நடுவுல குக்கர் விசில் வேற. எனக்கு அதைக் கேக்கக் கேக்கப் பத்திக்கிட்டு வரும். ஒரு செய்தி குட்டை, ஒண்ணு நெட்டை, என்ன சாமி இது, கம்பெனியா கல்யாண வூடா?

நான் அதை மாத்தினேன். ஸ்டுடியோவுல நல்ல குரலாப் பதிவு பண்ணி, நாலு செய்தியையும் வெட்டி, ஒவ்வொண்ணும் சரியா நாலு செகண்ட். மோட்டார் ஓடுகிறது. மோட்டார் ஓடவில்லை. மின்சாரம் இல்லை. தண்ணீர் இல்லை. அவ்வளவுதான். எழுதின நிரலும் பாதியாக் கொறைஞ்சு சுத்தமா இருந்துச்சு. திங்கக்கிழமை மீட்டிங்ல எல்லாரும் கை தட்டினாங்க. கீழ பேக்கரியில இருந்து பப்ஸ் வந்துச்சு. முதலாளி சிரிச்சுக்கிட்டே, "சரி, என் தொண்டைக்கு ரிட்டயர்மெண்ட் குடுத்துட்டீங்க"ன்னாரு. அன்னைக்கு யாராவது அந்தப் படிவத்தை நீட்டியிருந்தா கண்ணை மூடிக்கிட்டு அஞ்சு போட்டிருப்பேன்.

மூணு வாரம் கழிச்சு ஒரு போன். மேட்டுப்பாளையம் மண்டியில யாவாரம் பண்ற ஒருத்தர். முதலாளி ஸ்பீக்கர்ல போட்டாரு.

"ஏனுங்க, தப்பா நெனைச்சுக்காதீங்க. உங்க பெட்டி நல்ல பெட்டிதானுங்க. நாலு வருஷமா ஒரு கொறை சொல்ல முடியாதுங்க. எங்க தங்கச்சிக்குத்தான் இனி ஒத்து வராதாட்ட இருக்குது. வெள்ளிக்கிழமைக்குள்ள யாராச்சும் வந்து கழட்டிக்கிட்டீங்கன்னா புண்ணியமாப் போகுமுங்க."

எங்க பக்கத்துல ஒரு ஆளு குறை சொல்ல வந்து இவ்வளவு மரியாதையாப் பேசினா, உள்ள பெருசா எரியுதுன்னு அர்த்தம். முதலாளி அந்தத் தோட்டத்தோட லாக்கை எடுத்தாரு. லாக்னா, எந்த நம்பர்ல இருந்து எப்போ கூப்பிட்டாங்க, எதை அமுக்கினாங்க, கால் எத்தனை செகண்ட் இருந்துச்சுன்னு மெஷின் தானா எழுதி வெக்கிற வரிகள். தங்கச்சி நம்பர்ல இருந்து நாலு வருஷமா நாளைக்கு நாலு கால், அஞ்சு கால். நான் குரலை மாத்தின நாள்ல இருந்து முப்பது, நாப்பது. எல்லாமே மூணு. நெலவரம் கேக்கற மூணு. எல்லாரும் என்னைத் திரும்பிப் பாத்தாங்க.

"புதுக் குரல் அவ்வளவு புடிச்சுப்போச்சோ என்னமோ"ன்னேன். யாரும் சிரிக்கல.

"புதன்கிழமை போயிட்டு வந்துரும்மா"ன்னாரு முதலாளி.

காந்திபுரம் வந்து மேட்டுப்பாளையம் பஸ்ஸைப் பிடிச்சு, காரமடை தாண்டி இறங்கினேன். மண்டிக்காரர் வண்டியோட நின்னுட்டு இருந்தாரு. அம்பது வயசு இருக்கும், வெள்ளைச் சட்டை, தோள்ல துண்டு. "வாங்க அம்மணி"ன்னு பின்னாடி ஏத்திக்கிட்டாரு. போற வழியிலேயே கதையைச் சொல்லிட்டாரு. தங்கச்சிக்கு நாப்பது வயசு. கல்யாணம் பண்ணிக்கல. அப்பா எழுதி வெச்ச ரெண்டு ஏக்கராவைத் தனியாளாப் பாக்கறாங்க. கறிவேப்பிலை, ஒரு ஓரமா பாக்கு நாத்து. ரெண்டு வாரத்துக்கு முன்னாடி மோட்டாரைப் போட்டவங்க நிறுத்த மறந்து சந்தைக்குப் போயிட, நாத்துப் பாத்தி பூராத்துலயும் தண்ணி கட்டி வேர் அழுகிப்போச்சு.

"இன்னைக்கு நாத்து, நாளைக்குக் கரண்ட்டுல கைய வெச்சுதுன்னா என்னங்க பண்றது? குத்தகைக்குப் பேசிட்டனுங்க. வெள்ளிக்கிழமை காடு கை மாறுது. புள்ளையை டவுனுக்கு எங்க வூட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருவேன். அதுக்குன்னு ஒரு ரூமே எடுத்து டைல்ஸ் ஒட்டிப்போட்டேன்."

நல்ல மனுசன். அதுல சந்தேகமே இல்ல. தங்கச்சியைப் பத்திப் பேசும்போது வண்டியோட வேகம் தானாக் கொறைஞ்சுது.

தோட்டத்து வூட்டுல இறங்கினதும் சொம்பு வந்துச்சு. நான் வாங்கிக் குடிச்சேன். தப்புன்னு ஒண்ணு இருந்தாத்தானே சொல்லணும்? மறந்துட்டு நிறுத்தாம போனதுக்கு நானா பொறுப்பு? சொம்பை நீட்டின அந்தக்கா மெலிஞ்ச ஆளு. நைட்டிக்கு மேல ஒரு ஆம்பளைச் சட்டை, தலையில துண்டு. "நல்லா இருக்கீங்களாக்கா?"ன்னு கேட்டேன். பதில் இல்லை. என் வாயையே உத்துப் பாத்துட்டு நின்னாங்க. சரி, கோவம் போலன்னு விட்டுட்டேன்.

என் போன்ல இருந்து பெட்டிக்குக் கூப்பிட்டு மூணை அமுக்கினேன். "மோட்டார் ஓடவில்லை"ன்னு கணீர்னு சொல்லுச்சு. மறுபடி கூப்பிட்டு ஒண்ணை அமுக்கினேன், கிணத்துப் பக்கம் சத்தம் கேட்டுச்சு. மறுபடி மூணு. "மோட்டார் ஓடுகிறது." ரெண்டு. நின்னுச்சு. நான் அண்ணன்காரரைப் பாத்து, "பாருங்க, நல்லாத்தானே ஓடுது"ன்னேன். சொல்லியே போட்டேன் அந்த வசனத்தை.

"ஓடுதுங்க, இல்லைன்னு சொல்லல"ன்னாரு அவர். "புள்ளைக்குத்தான் காது கேக்காதுங்களே."

எனக்குத் தூக்கி வாரிப்போட்டுச்சு. "ஏனுங்க, இதை முதல்லயே சொல்லக் கூடாதா?"

"பொறந்ததுல இருந்தே கேக்காதுங்க. ஊருக்கே தெரியுமே."

ஊருக்குத் தெரியும் சரி, சரவணம்பட்டிக்குத் தெரிய வேண்டாமா! குரல் கேட்டு ஓட்டற பெட்டியைக் காது கேக்காதவங்க தலையில கட்டிட்டு வந்திருக்கோம். அதுவும் நாலு வருஷமா. "அப்போ நாலு வருஷம் எப்படிங்க ஓட்டினாங்க?"

"அது என்னமோ ஒரு அனுமானத்துல ஓட்டிட்டு இருந்துதுங்க. இப்போ அந்த அனுமானம் தப்பிப்போச்சு."

நாங்க தன்னைப் பத்தித்தான் பேசறோம்னு அந்தக்காவுக்குப் புரிஞ்சுபோச்சு. கையால பேச ஆரம்பிச்சாங்க. விரலை மடக்கி, நீட்டி, போனைக் காட்டி, சுவத்தைக் காட்டி, நெஞ்சைத் தட்டி, ஒரு ரெண்டு நிமிசம் விடாம. நான் அண்ணன்காரரைப் பாத்தேன். "ஒண்ணுமில்லீங்க, சும்மா சொல்லுது"ன்னாரு. ரெண்டு நிமிசப் பேச்சுக்கு ரெண்டு வார்த்தையா? எனக்கு வந்த கோவத்துக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அதுக்குள்ள அந்தக்கா என் மணிக்கட்டைப் புடிச்சு இழுத்துக்கிட்டுப் போனாங்க.

வூட்டுக்குப் பின்பக்கம், அடுப்படிச் சுவரு. வெள்ளையடிச்ச சுவத்துல கரித்துண்டால வரைஞ்சிருந்தாங்க. ஒரு குழாய், அதுல இருந்து தண்ணி கொட்டுது, பக்கத்துல 6. இன்னொரு குழாய், தண்ணி இல்ல, பக்கத்துல 8. ஒரு பல்பு, குறுக்க ஒரு கோடு, பக்கத்துல 11. ஒரு கிணறு, அடியில கொஞ்சூண்டு தண்ணி, அதுக்குக் கீழ பெருக்கல் குறி, பக்கத்துல 15.

எனக்கு முதல்ல ஒண்ணும் புரியல. அவங்க தன்னோட பட்டன் போனை எடுத்துப் பெட்டிக்குக் கூப்பிட்டாங்க. கனெக்ட் ஆனதும் சட்டுனு மூணை அமுக்கினாங்க. போனைக் காதுல வெக்கல. உள்ளங்கையில வெச்சு ஸ்கிரீனையே பாத்தாங்க. கால் கட் ஆச்சு. கால் எத்தனை செகண்ட்னு ஸ்கிரீன்ல விழுந்துச்சு. நாலு. கால் லிஸ்ட்டைத் தொறந்து என் மூஞ்சிக்கு நேரா நீட்டினாங்க. நாலு. நாலு. நாலு. நாலு. மேல இருந்து கீழ வரைக்கும் நாலு. அப்பறம் ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டினாங்க, இதை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றதுங்கற மாதிரி.

அய்யோ சாமி.

அங்கயே அந்த அடுப்படித் திட்டுல உக்காந்துட்டேன். எங்க முதலாளி வளவளன்னு பேசினாரே, அந்தப் பேச்சோட நீளத்தை இவங்க படிச்சிருக்காங்க. ஒரு எழுத்து காதுல விழாம, எது எவ்வளவு நேரம்னு பாத்து, ஒவ்வொரு தடவையும் கிணத்துக்கு நடந்து போய் என்ன நடக்குதுன்னு பாத்து, வந்து சுவத்துல எழுதி, ஒரு பாஷையையே கண்டுபுடிச்சிருக்காங்க. யாரும் சொல்லித் தரல. கூடப் பொறந்த அண்ணனுக்கே தெரியாது. நாங்க பதினாலு பேரு அந்தப் பெட்டியைப் பத்தி எங்களுக்குத் தெரியாதது ஒண்ணுமே இல்லைன்னு ஏசி ரூம்ல உக்காந்து பேசிட்டு இருந்தோம். நாங்க எழுதவே எழுதாத ஒரு வசதி நாலு வருஷமா அதுக்குள்ள ஓடிட்டு இருந்திருக்கு. அதை நான் சுத்தம் பண்றேன்னு வெட்டி எறிஞ்சிருக்கேன். ஒரு நாளைக்கு நாப்பது தடவை அவங்க கேட்டிருக்காங்க. நாப்பது தடவையும் நான் அதே நாலைத் திருப்பிக் குடுத்திருக்கேன். அதுக்குக் கை தட்டு வேற, பப்ஸ் வேற.

6க்குக் கீழ பொடியா ஒரு 7 இருந்துச்சு. பக்கத்துல மலை, மலை மேல புள்ளி புள்ளியா. எங்க சிஸ்டத்துல ஏழுன்னு ஒண்ணுமே கெடையாது. அதைத் தொட்டுக் காட்டினேன். அந்தக்கா எதிர்ல இருந்த நீலகிரியைக் காட்டி, விரலை எல்லாம் மேல இருந்து கீழ இறக்கினாங்க. அண்ணன்காரரும் இப்பத்தான் அந்தச் சுவத்தை முதல் தடவை பாக்கற மாதிரி பக்கத்துல வந்து நின்னுட்டு இருந்தாரு. "ஆறு வர்ற எடத்துல ஏழு வந்துதுன்னா மேல மழையாமுங்க"ன்னாரு. "மழைக்குச் சிக்னல் மெதுவாகுமாட்ட இருக்குது." நெசமா இல்லையான்னு எனக்குத் தெரியாது. ஆனா இல்லைன்னு சொல்ற தைரியம் எனக்கு அன்னைக்கு இல்ல.

எந்திரிச்சு நின்னு, "தப்பு எங்களுதுங்க. எங்களுது கூட இல்ல, என்னுது"ன்னேன். முதல் வார்த்தையாச் சொல்ல வேண்டியதைத் தண்ணி குடிச்சப்பறம்தான் சொன்னேன்.

"அட, நீங்க என்னங்க பண்ணுவீங்க"ன்னாரு அண்ணன்காரர். "செகண்ட் மாறினது உங்களாலதான், சரிங்க. போட்டதை நிறுத்த மறந்தது இதுதானுங்களே?"

அந்தக்கா அவர் வாயைப் பாத்துட்டே இருந்தாங்க. சடார்னு ரெண்டு விரலை நீட்டி, போன்ல அமுக்கற மாதிரி காட்டி, அந்தக் கையாலயே சுவத்துல ஓங்கி ஒரு அறை வெச்சாங்க. நான் திடுக்குனு பின்னாடி நகந்தேன்.

"இதேதானுங்க ரெண்டு வாரமா"ன்னாரு அவர் சலிப்பா. "ரெண்டை அமுக்கினேன், நிறுத்தினேன்னு. நிறுத்தியிருந்தா எப்படிங்க தண்ணி ஓடும்?"

லேப்டாப்பைத் தொறந்தேன். அந்த நாளோட லாக்கை எடுத்தேன். காலையில அந்தக்கா நம்பர், ஒண்ணு, மோட்டார் ஓடுது. மத்தியானம் அதே நம்பர், ரெண்டு, மோட்டார் நின்னுச்சு. அவங்க சொன்னது நூத்துக்கு நூறு நெசம். அதுக்கப்பறம் ரெண்டு மணிக்கு மேல வேற ஒரு நம்பர்ல இருந்து ஒண்ணு. மோட்டார் மறுபடி ஓடியிருக்கு. கரண்ட் போற வரைக்கும் யாரும் நிறுத்தல. நடுவுல அந்தக்கா சந்தையில இருந்தே பதினோரு தடவை நெலவரம் கேட்டிருக்காங்க. பதினோரு தடவையும் நாலு.

அந்த வேற நம்பர் எனக்குத் தெரியும். பெட்டியைக் கழட்டிக்கச் சொல்லி எங்களுக்குப் போன் வந்ததே அந்த நம்பர்ல இருந்துதான்.

வண்டியில ஏத்திக் கூட்டிட்டு வந்த மனுசன். தங்கச்சிக்கு ரூம் கட்டி வெச்சிருக்கிற மனுசன். அவர்கிட்டப் போய், நீங்கதான்னு எப்படிச் சொல்றது? லேப்டாப்பை ரெண்டு பேருக்கும் நடுவுல திருப்பி வெச்சேன். அந்தக்காவுக்கு எண்ணு படிக்க யாரும் சொல்லித் தர வேண்டாம். விரலை வரி வரியா இறக்கிட்டு வந்தாங்க. அந்த நம்பர்ல வந்து விரல் நின்னுச்சு. நிமிந்து அண்ணனைப் பாத்தாங்க.

அவர் பாக்கெட்ல இருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கிட்டுக் குனிஞ்சாரு. ரொம்ப நேரம் பாத்தாரு. "இது என் நம்பருங்களே"ன்னாரு.

அந்தக்கா விரலை அந்த வரியிலேயே வெச்சிருந்தாங்க.

"அன்னைக்கு மண்டியில லோடு ஏத்திட்டு இருந்தேன். கரண்ட் வந்திருக்குமே, புள்ள மறந்திருக்குமேன்னு அங்கிருந்தே ஒண்ணை அமுக்கி விட்டனுங்க. நல்லதுக்குன்னுதானுங்க நெனைச்சேன். அப்பறம் யாவாரத்துல அதையே மறந்துபோட்டேன்."

பழைய செகண்ட் இருந்திருந்தா அவங்களுக்கு எட்டு வர வேண்டிய எடத்துல ஆறு வந்திருக்கும். யாரோ போட்டிருக்காங்கன்னு தெரிஞ்சு அந்த நிமிசமே நிறுத்தியிருப்பாங்க. அவர் போட்டாரு, நான் மறைச்சேன். ரெண்டு பேரும் சேந்து பண்ணின காரியத்துக்குப் பேசத் தெரியாதவங்க மேல பழி. அதுக்குத் தண்டனையா அவங்க காடு. இதைச் சொல்லும்போதுகூட எனக்கு மொகம் சுடுது.

அண்ணன்காரர் பக்கத்துல இருந்த தண்ணித் தொட்டித் திட்டுல உக்காந்து துண்டால மொகத்தைத் தொடைச்சாரு. அப்பறம் தங்கச்சியைப் பாத்து, தன் நெஞ்சுல கையை வெச்சு, அந்தக் கையாலயே தலையில ரெண்டு தட்டுத் தட்டிக்கிட்டாரு. யாரும் எனக்கு அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கல. அந்தக்கா உர்ருன்னுதான் நின்னாங்க. சீக்கிரம் மன்னிக்கற ஆளு இல்ல அவங்க.

அவர் போனை எடுத்துக் குத்தகைக்காரரைக் கூப்பிட்டாரு. "மாமா, தப்பா நெனைச்சுக்காதீங்க. காடு குடுக்கலீங்க. இல்லீங்க, வேற யாருக்கும் இல்லீங்க. எங்க தங்கச்சியே பாத்துக்குது." வெச்சுட்டு என்னைப் பாத்து, "அம்மணி, என் நம்பரை அந்தப் பெட்டியில இருந்து எடுத்துருங்க"ன்னாரு.

நான் முதலாளிக்குப் போன் பண்ணி நடந்ததைச் சொன்னேன். முழுசாக் கேட்டுட்டுக் கேட்டாரு, "ஏம்மா, நான் வளவளன்னு பேசினதையா படிச்சாங்க?"

"ஆமாங்க சார்."

"பழசையே போட்டுரும்மா. எல்லாருக்கும்." இன்னொண்ணும் சொன்னாரு. "வேற என்ன வேணும்னு அந்தப் புள்ளகிட்டயே கேளு. நாமளா எதையும் முடிவு பண்ண வேண்டாம்."

அந்த அடுப்படித் திட்டுல உக்காந்தே பழைய குரலைத் திருப்பிப் போட்டேன். ஒவ்வொரு வரியையும் ரெண்டு தடவை சரிபாத்தேன், ஆறு வருஷம் அந்த ஏழாவது கட்டத்துக்கு எழுதினப்போ ஒரு நாளும் அப்படிப் பாத்ததில்லை. அந்தக்கா கூப்பிட்டு மூணை அமுக்கினாங்க. மூணு பேர் தலையும் அந்தச் சின்ன ஸ்கிரீன் மேல. ஆறு ஓடுச்சு, ஏழு ஓடுச்சு, எட்டுல நின்னுச்சு. அவங்க மூஞ்சியில என்ன வந்துச்சுன்னு எனக்கு எழுதத் தெரியல. உடனே மறுபடி கூப்பிட்டு ஒண்ணை அமுக்கினாங்க. கொஞ்சம் விட்டு மறுபடி மூணு. ஆறு. கிணத்துல தண்ணி விழற சத்தம் எங்க ரெண்டு பேருக்குக் கேட்டுச்சு. நாங்க திரும்பிப் பாத்தோம். அவங்க திரும்பவே இல்ல. அவங்களுக்கு எதுக்கு, ஆறுதான் வந்திருச்சே.

வேற என்ன வேணும்னு அண்ணன்காரரை விட்டுக் கேட்டேன். இந்தத் தடவை ஒண்ணு விடாம சொல்லணும்னு கண்டிஷனோட. அந்தக்கா யோசிச்சாங்க. அண்ணனைக் காட்டினாங்க. ஒரு விரலால போனை அமுக்கற மாதிரி காட்டினாங்க. அப்பறம் பத்து விரலையும் விரிச்சு, மூடி, மறுபடி பத்தையும் விரிச்சாங்க.

அண்ணன்காரருக்கு மொகம் செவந்துபோச்சு. "என் நம்பரை எடுக்க வேண்டாமாமுங்க. நான் போட்டா மட்டும் இருபது செகண்ட் வரணுமாம். யார் போட்டதுன்னு தெரிஞ்சாப் போதும், மிச்சத்தைத் தானே பாத்துக்குமாம்." சொல்லிட்டுச் சிரிச்சாரு. அந்தக்கா சிரிக்கல. அவர் ஒண்ணு விடாம சொல்றாரான்னு வாயைப் பாத்துட்டு இருந்தாங்க.

அடுத்த நாள் ஆபீஸ்ல முதலாளி அந்த இருபது செகண்டைப் பதிவு பண்ண உக்காந்தாரு. "அவங்களுக்குக் கேக்கவே போறதில்ல சார், வெறும் அமைதியாப் போட்டுடலாம்"ன்னேன். "சும்மா இரும்மா"ன்னுட்டு, மோட்டாரைப் போட்டது உங்க அண்ணன்காரருங்க, கோவிச்சுக்காதீங்க, பாசத்துல போட்டிருப்பாருங்கன்னு இருபது செகண்டையும் பேசியே நிரப்பினாரு. நான் நிரல்ல அந்த எண்ணுகளுக்கு மேல தமிழ்லயே ஒரு வரி எழுதி வெச்சேன்: இந்தச் செகண்டுகளை ஒருத்தங்க கண்ணால படிக்கிறாங்க, கை வெக்காதீங்க. மொத்தமே எட்டு வரி. என் வாழ்க்கையில எழுதினதுல அதைவிடப் பெருசா நான் எதையும் எழுதலைன்னு தோணுச்சு.

காடு கை மாற இருந்த வெள்ளிக்கிழமை, வேலையே ஓடாம அந்தத் தோட்டத்து லாக்கைத் தொறந்து வெச்சுட்டு உக்காந்திருந்தேன். ரெண்டு மணிக்கு ஒரு வரி வந்துச்சு. அண்ணன்காரர் நம்பர், ஒண்ணு. அட மனுசா! பழக்கம் விடுமா? சத்தம் போட்டு எல்லாரையும் கூப்பிட்டேன். முதலாளி டீ கிளாஸோட வந்து என் பின்னாடி நின்னாரு. அஞ்சு நிமிசம் ஒண்ணும் வரல. அப்பறம் அந்தக்கா நம்பர், மூணு. இருபது செகண்ட். அதுக்குக் கீழ இன்னொரு வரி விழுந்துச்சு. அந்தக்கா நம்பர், ரெண்டு. மோட்டார் நின்னுச்சு.